டன்பார் குடித்த டானிக்

என் முகம் பேப்பரில் வந்திருக்கிறது. கோதுமை விலைக்கும் சலவைச் சோப்புக்கும் நடுவில், கழுத்துவரை பொத்தான் போட்ட கருப்புச் சட்டையில், யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில், "எட்டு மாதம் படுக்கை, பதினெட்டுப் புட்டியில் நடை" என்று போட்டு, அதற்கும் கீழே நான் எழுதியதாக ஒரு நீளமான கடிதம். அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. என் புருஷன் ஆமோஸ் எழுதியது. அவருக்கு இவ்வளவு இலக்கணமாக எழுத வராது, கம்பெனிக்காரன் திருத்தியிருப்பான். எங்கள் ஊர்ப் பெயர், கோயில் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. டாமசின் பெத்திக் என்று என் பெயரும் சரியாகவே இருந்தது. பொய்யாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், நான் அந்த டானிக்கைக் குடித்துத்தான் எழுந்தேன் என்பது.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. நோய் உடம்பிலா மனசிலா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் இருப்பது நாற்பது மைல் தள்ளி, செம்புச் சுரங்க ஊரில். ஒரு தடவை வந்தார், நாடி பார்த்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார், போய்விட்டார். அப்புறம்தான் ஆமோஸ் எங்கிருந்தோ புரொபசர் ஹாஸ்பெல்லின் ஜீவசக்தி டானிக்கைக் கொண்டுவந்தார்.

மூன்று வாரம் குடித்தேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. தலை வாரினால் சீப்பு நிறைய மயிர் வந்தது. வயிற்றில் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி எரிந்தது. புட்டியோடு வந்த காகிதத்தில், நோய் உடம்பைவிட்டு வெளியேறும்போது இப்படியெல்லாம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று அச்சடித்திருந்தார்கள். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். குணமானாலும் அவன் மருந்து, குணமாகாவிட்டாலும் அவன் மருந்து.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆமோஸ் வேளாவேளைக்குக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு வந்து கட்டிலோரம் நிற்பார். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அழாத மனுஷன், அந்தக் கரண்டியைப் பிடித்தால் கண் கலங்குவார். எனக்கு வாய் வராது. வைத்துவிட்டுப் போங்கள், குடிக்கிறேன் என்பேன். அவர் தலை மறைந்ததும் ஜன்னலைத் திறப்பேன். தரையில் கொட்டினால் எங்கள் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் கறை காட்டிக் கொடுத்துவிடும். ஜன்னலுக்கு நேர் கீழே டன்பாருக்குத் தவிட்டுக் கூழ் ஆற வைத்திருக்கும் வாளி. கையை நீட்டிக் கவிழ்த்தால் முடிந்தது.

டன்பார் எங்கள் பொலிகுதிரை, பெட்டைகளைச் சினையாக்கவென்று வளர்க்கிற ஆண். செம்பழுப்பு நிறம், நான்கு காலிலும் குளம்பை மூடும் வெள்ளை மயிர். ஏர் இழுக்கும் சாதியில் அவனைப்போல இந்தத் தீபகற்பத்திலேயே இன்னொருவன் இல்லை என்று ஆமோஸ் சொல்வார். தன் அப்பாவின் நிலத்தை விற்று வாங்கிய குதிரை, வேறென்ன சொல்லுவார். நான் எப்போதும் கொஞ்சம் கேலியாகத்தான் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவன் மினுங்கத் தொடங்கியதை நான் கட்டிலில் படுத்தபடியே பார்த்தேன். எண்ணெய் பூசித் துடைத்த மேசைபோல இருந்தான்.

மருந்தை விட்ட பிறகு நானும் மெதுவாகத் தேறினேன். வசந்தம் பிறக்கும் முன்னால் எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஆமோஸ் மண்டியிட்டு ஜெபம் செய்தார். கடவுளுக்கு ஒரு பங்கு நன்றி, புரொபசருக்கு இரண்டு பங்கு. மறுநாளே கடிதத்தை எழுதிப் போட்டுவிட்டார். எனக்கு அது தெரிந்தது படம் பிடிக்கிறவன் வாசலில் வந்து நின்றபோதுதான்.

நான் எழுந்துவிட்டதால் டானிக் நின்றது. டானிக் நின்ற பத்தாம் நாள் டன்பார் தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். உடம்பு மயிர் குத்திட்டு நின்றது. கால் வீங்கியது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா ஒரு பணக்காரரின் லாயத்தில் வேலை பார்த்தவர். கண்காட்சி நெருங்கும்போது அங்கே கத்தி நுனியில் ஒரு துளி வெள்ளைப் பொடி எடுத்துத் தீனியில் கலப்பார்கள், குதிரை மினுங்கும். ஒருமுறை பழக்கிவிட்டால் சட்டென்று நிறுத்த முடியாது, நிறுத்தினால் இப்படித்தான் சரியும். அது பாஷாணம். ஆட்டுக்குச் சொறி போக முக்கியெடுக்கும் தண்ணீரிலும் முயலுக்கு வைக்கும் விஷத்திலும் இருக்கிற அதே பாஷாணம். பதினெட்டுப் புட்டியில் என் புருஷன் எனக்கு அன்போடு வாங்கிக் கொடுத்தது அதைத்தான்.

இதை அப்போதே ஆமோஸிடம் சொன்னேனா என்றால், இல்லை. பூமியின் இந்தத் தென்கோடியில் வசந்தம் செப்டம்பரில்தான் தொடங்கும், அதன் முதல் சனிக்கிழமை டவுனில் பொலிகுதிரை அணிவகுப்பு. அங்கே டன்பார் இந்தக் கோலத்தில் நடந்தால் ஒருவனும் தன் பெட்டையைக் கொண்டுவர மாட்டான், அந்த வருஷமே போச்சு. கம்பெனி ஆமோஸை ஏஜெண்டாகப் போட்டு, ஒரு பெட்டி நிறையப் புட்டிகள் அனுப்பியிருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து வாளியில் ஊற்றினேன். ஒரு வாரத்தில் டன்பார் மறுபடி மினுங்கினான். அணிவகுப்பில் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். அன்றையிலிருந்து என் கழுத்திலும் ஒரு கயிறு விழுந்தது.

பொலிகுதிரை வைத்திருக்கிறவன் வீட்டில் உட்கார முடியாது. செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை பண்ணை பண்ணையாகக் குதிரையை நடத்திக்கொண்டு போக வேண்டும். இன்ன கிழமை இன்ன பண்ணை என்று அச்சடித்த அட்டை இருக்கிறது. சுற்று முடிய மூன்று வாரம். பெட்டைக்குச் சினை தங்கியதா என்று பார்க்க அதே பண்ணைக்கு மூன்று வாரம் கழித்து மறுபடி போக வேண்டும். மற்ற வருஷங்களில் ஆமோஸ் தனியாகப் போவார். அந்த வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் அவர் டன்பாரைப் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் நான் சின்ன வண்டியில், காலடியில் டானிக் பெட்டியோடு.

எங்கள் மெதடிஸ்ட் சபை ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொலிகுதிரை பண்ணைக்குள் வந்துவிட்டால் பெண்கள் எல்லாரும் அடுக்களைக்குள் போய்விட வேண்டும். ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்கள். வெளியே ஆண்கள் பெட்டையைக் கட்டுகிற சத்தமும், டன்பார் கனைக்கிற சத்தமும் கேட்கும். எதுவுமே கேட்காத மாதிரி நாங்கள் உள்ளே குங்குமப்பூ ரொட்டி தின்போம். அக்கம்பக்கத்துப் பெண்களும் அன்றைக்கு வந்திருப்பார்கள், என்னைப் பார்க்க. வெளியே டன்பாரின் வாயைத் திறந்து பல் பார்க்கிற நேரத்தில் உள்ளே ஒருத்தி என்னை நாக்கை நீட்டச் சொல்வாள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளுவாள். கொஞ்சம் நடந்து காட்டேன் என்பாள் இன்னொருத்தி. நடப்பேன். டன்பாராவது உதைக்கலாம், எனக்கு அதுவும் கிடையாது.

கெசையாவை நான் அப்படி ஒரு அடுக்களையில்தான் பார்த்தேன். ஜாபெஸ் லக் என்கிற வாயில்லாப்பூச்சியின் மனைவி. இருபத்திரண்டு வயது, வயிற்றில் ஆறு மாதம். இதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தது. அவள் என் கன்னத்தைக் கிள்ளவில்லை, நாக்கைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருந்த என் படத்தைப் பைபிளுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.

"உங்களுக்கும் பிள்ளை போச்சுல்ல அக்கா," என்றாள். "நீங்களே எழுந்து நடமாடுறீங்கன்னா, எனக்கும் ஒரு வழி இருக்கும்னு தோணுச்சு."

மூன்று புட்டி வாங்கினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. திறந்தால் டன்பார் விஷம் தின்கிற குதிரை என்பது வெளியே வரும், ஆமோஸ் தெருவில் நிற்பார். அப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மூன்று வாரமும் எந்தப் பண்ணையில் எதைத் தின்றேன், யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. பைபிளுக்குள் என் முகம் இருக்கிறது என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாம் சுற்றில் போனபோது கெசையா கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். விரல் மரத்திருக்கிறதாம். தொப்பிக்குக் கீழே மயிர் கொட்டி நெற்றி மேலேறியிருந்தது. முகத்தில் பயமே இல்லை. காகிதத்தில் சொன்ன மாதிரியே நடக்கிறது, நோய் வெளியேறுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. திரை இழுத்துவிட்ட அந்த அடுக்களையில், ஆறேழு பெண்கள் நடுவில் போட்டு உடைத்துவிட்டேன்.

"நான் அதைக் குடிக்கவே இல்ல," என்றேன். "மூணு வாரம் குடிச்சேன், அதுலயே பாதி உசுரு போச்சு. மிச்சம் அத்தனையும் டன்பாரோட வாளிக்குப் போச்சு. குடிச்சது குதிரை. அதுல இருக்கறது பாஷாணம், கெசையா. இன்னைக்கே தூக்கிக் கொட்டிரு."

டிரெனரி அம்மா என்று ஒருத்தி, ஊர்க்கோழி முட்டையிட்டால்கூடக் கணக்கு வைத்திருக்கிறவள், மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் குதிரை? இப்ப வெளிய நிக்குதே, அதுவா?"

"அதேதான்."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். இந்தத் தீபகற்பத்தில் எந்த மெதடிஸ்ட் பெண்ணும் செய்யாத காரியத்தைச் செய்தாள். திரையின் ஓரத்தை விரலால் விலக்கி எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே எல்லாரும் போய்க் கழுத்தை நீட்டினார்கள். வெளியே நல்ல வெயில். வேலை முடிந்து ஆமோஸ் டன்பாரை நடத்திக்கொண்டு வந்தார். அந்தப் பாழாய்ப்போன குதிரை அன்றைக்கென்று பார்த்துச் சூரியனைவிட அதிகமாக மினுங்கினான்.

"அம்மாடி," என்றாள் டிரெனரி அம்மா. "டானிக் குடிச்ச உடம்பா இது? குதிரைக்கே இப்படின்னா மனுஷருக்கு எப்படி இருக்கும்."

அன்றைக்கு அந்த ஒரே பண்ணையில் பதினோரு புட்டி விற்றது. நான் சொன்ன பாஷாணம் யார் காதிலும் ஏறவில்லை, ஏறியிருந்தாலும் தங்கவில்லை. பத்து நிமிஷத்தில் செய்தி ஆண்களிடம் போய், அவர்களும் தங்கள் ஏர்க்குதிரைகளுக்கு என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். கெசையா மட்டும் பின்னால் நின்றாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், கோபமில்லை, வருத்தம். பிள்ளை இல்லாதவள் பிள்ளை வரப்போகிறவளைப் பார்த்து இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டாள் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கியது.

திரும்பும் வழியில் இரண்டு மைல் தாண்டியிருப்போம். ஆமோஸ் டன்பாரின் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"நீ குடிக்கலையா டாமு?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"முதல் மூணு வாரம் குடிச்சேன்."

டன்பாரின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்ப அந்த மூணு வாரத்துலதான் அது வேலை செஞ்சிருக்கு," என்றார்.

பாஷாணம் என்றேன், அப்பா வேலை பார்த்த லாயம் என்றேன், டன்பார் பத்து நாளில் சரிந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டானிக் நின்றதும் சரிந்தான், கொடுத்ததும் எழுந்தான் என்றால் அது எவ்வளவு நல்ல மருந்து, நீயே சொல்கிறாய் பார் என்றார். அவர் முட்டாள் இல்லை. எட்டு மாதம் நான் செத்துவிடுவேன் என்று பயந்துகொண்டே தூங்கிய மனுஷன். தன் கையால் கொடுத்த ஒன்று என்னைப் பிழைக்க வைத்தது என்பதை அவரால் விட முடியவில்லை. அடுத்த வாரம் புது அட்டை அச்சடித்து வந்தது. டன்பாரின் பரம்பரைக்குக் கீழே, "இக்குதிரை அருந்துவது" என்று டானிக்கின் பெயர்.

உண்மை விலைபோகாது என்று தெரிந்தபின் எனக்கு மிச்சமிருந்தது பொய்தான். மூன்றாம் சுற்றுக்குக் கிளம்புமுன் ஆறு புட்டிகளைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு ஜாடியில் ஊற்றி டன்பாருக்கென்று எடுத்து வைத்தேன். தேநீரைக் கருக்கக் காய்ச்சி ஆறவைத்து, கொஞ்சம் சர்க்கரைப்பாகு, வினிகர், கசப்புக்கு வேலியோரம் மண்டிக்கிடக்கும் ஒரு களைச்செடியின் சாறு எல்லாம் கலந்து புட்டியில் நிரப்பினேன். தக்கையை அடைத்து மெழுகு வைத்தேன். ருசி பார்த்தேன், அசல் மாதிரியே நாராசமாக இருந்தது.

லக் பண்ணையில் இந்தத் தடவை கெசையா வெளியே வரவில்லை. ஜாபெஸ்தான் வேலியருகே வந்து, அவள் படுத்தே கிடக்கிறாள், கால் வீங்கியிருக்கிறது, மருந்து தீர்ந்துவிட்டது, ஆறு புட்டியாகக் கொடுங்கள் என்றான். என் ஆறு புட்டியையும் கொடுத்தேன். இதைத் தவிர வேறெதையும் வாங்காதே, யார் கொடுத்தாலும் தொடாதே என்று அவனிடம் மூன்று தடவை சொன்னேன். அவன் மாட்டு டாக்டர் சொல்கிறதைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டான். நான்காம் சுற்றில் அவளே கதவைத் திறந்தாள், கன்னத்தில் நிறம் வந்திருந்தது. இன்னொரு ஆறு தேநீர்ப் புட்டி கொடுத்துவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் ஊரே எழுந்திருக்கிற மாதிரி கத்தினானாம். அதைக் கேட்டபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், பிசைந்துகொண்டே அழுதேன்.

ஜனவரியில் ஆமோஸ் பேப்பரை விரித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். என் பழைய முறைப்புப் படம், அதற்குப் பக்கத்தில் கெசையா, மடியில் பிள்ளை. "இரண்டு இழந்தேன், மூன்றாவதை அணைத்தேன்" என்று கொட்டை எழுத்து. இவள் கடிதத்தை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள், அவள் பேசுகிற மாதிரியே இருந்தது. பெத்திக் அக்கா கடைசியாகத் தன் கையால் கொடுத்த பன்னிரண்டு புட்டிகளால் என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று எழுதியிருந்தாள். சத்தியமான வார்த்தை. அதுதான் என்னைக் கொன்றது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அவளைப் பிடித்தேன். பிள்ளைக்கு ஹோசியா என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். தொடை மடிப்பு மடிப்பாக, கொழுகொழுவென்று இருந்தான். கம்பெனி அவளுக்கு நன்றி சொல்லி ஒரு பெட்டி டானிக், பன்னிரண்டு புட்டி, இலவசமாக அனுப்பியிருக்கிறதாம். பிள்ளைகளுக்கு வேளைக்குப் பத்துச் சொட்டு என்று காகிதத்தில் போட்டிருக்கிறதாம்.

"ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் அக்கா," என்றாள். "மூணு வாரம் இருக்கு. கோயிலுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ஜாபெஸ் சொல்றாரு."

அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். நீ குடித்தது டானிக் இல்லை, நான் காய்ச்சின தேநீர், பெட்டியில் வந்திருக்கிறதுதான் அசல், அதைப் பிள்ளை வாயில் வைக்காதே என்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"தேத்தண்ணி குடிச்சா யாருக்காவது பிள்ளை தங்குமா அக்கா? நானும் பொறந்ததுலேருந்து குடிக்கிறேன். உங்க மனசு எனக்குப் புரியுது. உங்களுக்கும் கடவுள் ஒண்ணு குடுப்பாரு."

அதற்கு மேல் என் பேச்சு அவளிடம் எடுபடாது. இந்த ஊரில் கண்ணால் பார்த்ததை நம்புவார்கள், காதால் கேட்டதை அல்ல. கண்ணால் பார்க்க என்னிடம் இருந்தது டன்பார் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே அவனுக்குக் கொடுப்பதை அடியோடு நிறுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் அவனுக்கு நோவு தெரிந்திருக்காது. எனக்குத் தேவைப்பட்டது நோவுதான். எட்டாம் நாள் தீனியை விட்டான். பன்னிரண்டாம் நாள் விலா தெரிந்தது, மயிர் குத்திட்டது, வாலைத் தூக்க முடியாமல் நின்றான். அவன் என்னைப் பார்க்கிறபோது நான் வேறெங்காவது பார்ப்பேன். ஆமோஸ் பதறி, மீதியிருந்த இரண்டு புட்டியை என் கையில் கொடுத்து வேளைக்கு இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், கழிவுக்குழியில். மார்ச்சில் கண்காட்சி, பரிசு ரிப்பன் வாங்க வேண்டிய குதிரை என்று அவர் லாயத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் விற்றுத் தீர்ந்ததால் அவர் பெட்டி காலி, கம்பெனியின் அடுத்த பெட்டி இன்னும் வரவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ஆமோஸ் துறைமுகத்துக்கு, பெட்டி வந்ததா என்று பார்க்கப் போனார். நான் டன்பாருக்குக் கயிறு மாட்டி வெளியே கொண்டுவந்தேன். ஏழு மைல். ஒரு பெண்பிள்ளை பொலிகுதிரையைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் நடுரோட்டில் போவதை இந்த ஊர் பார்த்ததில்லை. எதிரில் வந்த வண்டிக்காரன் தொப்பியைத் தூக்குவதா முகத்தைத் திருப்புவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். டிரெனரி அம்மா வீட்டைத் தாண்டும்போது உள்ளே சரேலென்று திரை இழுபட்டது. அது டன்பாருக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை. அவன் பத்தடிக்கு ஒருமுறை நின்றான். கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம்தான் ராஜா என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனேன்.

கெசையா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தேன். நல்லாப் பாரு, இதுதான் அந்த டானிக் செய்கிற வேலை, உள்ளே போகிறவரை மினுமினுப்பு, நின்றால் இந்தக் கதி, இதையா பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்க வேண்டும். அவள் டன்பாரின் விலாவைப் பார்த்தாள். எலும்பின்மேல் கையை வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ பாவமே. இவனுக்கு டானிக் நின்னுபோச்சா அக்கா?"

இவளிடம் உண்மையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. மூன்றாவது தடவையும் சொல்லலாம், இவள் மூன்றாவது தடவையும் என் கையைத் தட்டிக்கொடுப்பாள். நாளைக்குக் காலையில் பத்துச் சொட்டு.

"ஆமா கெசையா," என்றேன். "நின்னுபோச்சு. ஆமோஸ்கிட்ட ஒரு புட்டி இல்ல, கம்பெனி இன்னும் அனுப்பல. இப்படியே விட்டா செத்துருவான்."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் ஒரு கையில் டன்பாரையும் ஒரு கையில் ஹோசியாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என் காதைப் பிடித்து இழுத்தான். என் பெண்ணை நான் ஒரே ஒரு தடவைதான் தூக்கினேன், அவள் எதையும் பிடித்து இழுக்கவில்லை. கெசையா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு மட்டும் வச்சுக்கட்டுமா," என்றாள். "நாளைக்கு இவனுக்கு ஆரம்பிக்கணுமே."

"டன்பார் உடம்பு பெருசு. பன்னெண்டும் வேணும்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள்.

"சரி, எடுத்துட்டுப் போங்க," என்றாள். "உங்க கையாலதானே எனக்கு இவன் கிடைச்சான். கம்பெனிக்கு இன்னொரு லெட்டர் போட்டா இன்னொரு பெட்டி அனுப்புவாங்க, நான் அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

பெட்டியை டன்பார்மேல் ஏற்ற மனம் வரவில்லை. நானே இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு மைல் நடந்தேன். வழியில் பன்னிரண்டு புட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்து உப்பு ஓடையில் கவிழ்த்தேன். காலிப் புட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன், டன்பாருக்குக் கொடுத்துவிட்டதாக ஆமோஸ் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

இது நடந்து ஆறு வாரமாகிறது. கண்காட்சிக்கு டன்பார் போகவில்லை, ஆமோஸ் கேட்ட பெட்டியும் இன்னும் வரவில்லை. ஆமோஸ் கடன்காரன் மாதிரி தலைகுனிந்து நடமாடுகிறார், இவ்வளவு டானிக் கொடுத்தும் குதிரைக்கு ஏன் ஏறவில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். போன ஞாயிறு கெசையா கோயிலில் என்னைப் பார்த்து, கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் போட்டுவிட்டேன், பெட்டி வழியில் இருக்கிறது, டன்பார் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். இன்னும் தேறவில்லை என்றேன். அப்படியானால் இந்தப் பெட்டியும் அவனுக்கே என்றாள். அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

நேற்றுக் காலையில் அவனுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். வாளியைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டு என் தோளை இடித்தான். கால் வீக்கம் இறங்கியிருந்தது. கழுத்தைத் தடவினேன், மயிர் படிந்திருந்தது. விஷம் இல்லாமல், தன் உடம்பால், புல்லைத் தின்று தண்ணீரைக் குடித்து அவன் தேறுகிறான். அந்த முதுகில் வெயில் பட்ட இடத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு தெரிந்தது. சாதாரணமாக இதைவிட நல்ல செய்தி ஒரு குதிரைக்காரன் வீட்டில் இருக்க முடியாது.

ஆனால் கெசையாவின் பெட்டி வழியில் இருந்தது, ஆமோஸ் அப்போது எழுந்திருக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்க் கூடையில் சாம்பல் அள்ளிக்கொண்டு வந்தேன். டன்பார் அசையாமல் நின்று கொடுத்தான். கழுத்திலிருந்து வால்வரை, மயிருக்கு எதிர்ப்பக்கமாக, அத்தனையும் குத்திட்டு நிற்கிறவரை தேய்த்துவிட்டேன்.